பொழுது சாயும் முன்னே

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பதைக் கேட்காமல் வளர்ந்த தமிழர் யாரும் இருக்க முடியாது. யாராவது நம்மை ஏமாற்றிவிட்டால் பெரியவர்கள் இதைச் சொல்லித்தான் ஆற்றுவார்கள். "விடு, மேல இருக்கிறவன் பாத்துக்குவான்." நான் புனேவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இங்கேயும் இதே பேச்சுதான். மராத்தியில் சொல்கிறார்கள், இந்தியில் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் தாமிரபரணிக் கரைக் கிறிஸ்தவன். ஏரல் பக்கம் ஒரு சின்ன ஊர். எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். வெளியூர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் குழப்பமாக இருக்கும்! ஆக, வீட்டுத் திண்ணையில் பழமொழி, ஞாயிறு பள்ளியில் வேதாகமம் என்று இரண்டையும் ஒன்றாகவே கேட்டு வளர்ந்தவன். இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

சமீபத்தில் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கூடியிருந்த இடத்தில், பத்தாவது படிக்கும் ஒரு பெண் கேட்டாள். "அங்கிள், கடவுள் நியாயமானவர்னா தப்பு பண்றவங்க எல்லாம் ஏன் நல்லா இருக்காங்க? ஒண்ணும் பண்ணாதவங்க ஏன் கஷ்டப்படுறாங்க?" ஆளுக்கொரு பதில் சொன்னோம். போன ஜென்மம் என்றார் ஒருவர். நமக்குப் புரியாது என்றார் இன்னொருவர். அதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. பந்தியில் சொல்லி முடிக்கிற விஷயமா இது? அதனால் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். பிரசங்கம் செய்யும் எண்ணமெல்லாம் இல்லை. வேதாகமம் நியாயம் என்று எதைச் சொல்கிறது, அதை வைத்துக்கொண்டு இன்றைக்கு வெளியூரில் குடித்தனம் நடத்தும் நாம் என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி.

முதலில் அந்தப் பெண்ணின் கேள்வியில் இரண்டாம் பாதி.

ஒரு பெரிய அழிவு வந்தால் அதைத் தீர்ப்பாகப் படிப்பது மனிதனுக்குப் பழகிப்போன ஒன்று. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது கேட்டோம். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைந்தபோதும் கேட்டோம். யார் செய்த பாவமோ என்ற பேச்சுதான். நம் ஊர் மண்ணிலேயே இதற்கு ஒரு பிரசித்தமான உதாரணம் இருக்கிறது. 1934 ஜனவரி 15-இல் பீகாரையும் நேபாளத்தையும் பெரிய பூகம்பம் தாக்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது காந்தி தீண்டாமைக்கு எதிரான சுற்றுப்பயணத்தில் தமிழ்நாட்டில் இருந்தார். ஜனவரி 24-இல் திருநெல்வேலிக் கூட்டத்தில் பேசியபோது, தீண்டாமை என்ற பாவத்துக்கு தெய்வம் கொடுத்த தண்டனையாகவே தான் அந்தப் பூகம்பத்தைப் பார்ப்பதாகச் சொன்னார்.

தீண்டாமை பாவம்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தாகூருக்கு இந்த விளக்கம் பொறுக்கவில்லை. மறுப்பு எழுதினார். அதைக் காந்தி தன்னுடைய 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே வெளியிட்டு, கூடவே தன் பதிலையும் போட்டார். (அந்தக் காலத்துப் பெரியவர்கள் சண்டை போட்ட விதமே தனி!) தாகூரின் வாதத்தில் ஒரு இடம் முக்கியமானது. இதே பூகம்பத்தைக் காட்டி, காந்தி சாஸ்திரத்தை மீறியதால்தான் தெய்வம் கோபித்தது என்று எதிர்த்தரப்பும் சொல்ல முடியும் அல்லவா? இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி அது. தவிர, இடிந்த வீடுகளுக்குள் செத்தவர்களில் தீண்டாமையை அனுபவித்தவர்களும்தானே இருந்திருப்பார்கள்?

வேதாகமம் இந்த இடத்தில் யார் பக்கம்? ஆச்சரியமாக இருக்கும், பெரும்பாலும் தாகூர் பக்கம்தான். யோபுவின் கதை முழுக்க இதுதான். பிள்ளைகளையும் சொத்தையும் உடம்பையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருப்பவனிடம் மூன்று நண்பர்கள் வந்து, நீ ஏதோ செய்திருப்பாய், அதனால்தான் இது என்று சுற்றிச் சுற்றிப் பேசுகிறார்கள். பக்தியாகத்தான் பேசுகிறார்கள். கடைசியில் கடவுள் கோபிப்பது யோபுவின் மேல் இல்லை, அந்த மூன்று பேர் மேல். லூக்கா எழுதியதில் இன்னொன்று வருகிறது. எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் சாகிறார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்லிவிடுகிறார். செத்தவர்களை ஆராயாமல் உங்களை நீங்கள் பாருங்கள் என்று கேட்பவர்கள் பக்கம் திருப்பிவிடுகிறார்.

பாலம் இடிந்தால், கட்டடம் சரிந்தால், செத்தவனின் கர்மாவைத் தேடாதே, சிமெண்ட்டில் எவ்வளவு மணல் கலந்தார்கள் என்று தேடு. நான் இதை அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

சரி, தெய்வ நியாயம் அழிவில் இல்லை என்றால் வேறு எங்கேதான் இருக்கிறது?

எபிரேயத்தில் இதற்கு இரண்டு வார்த்தைகள் சேர்ந்தே வரும். மிஷ்பாத், செதாக்கா. நம் தமிழ் வேதாகமத்தில் நியாயம், நீதி என்று வருகின்றன. முதலாவது, வழக்கைச் சரியாகத் தீர்ப்பது, ஏழைக்கு உரியதை அவனுக்கு வாங்கிக் கொடுப்பது. இரண்டாவது, ஒருவருக்கொருவர் நேராக நடந்துகொள்வது. இன்றைய எபிரேயத்தில் தான தர்மத்துக்கும் இதே செதாக்காதான் பெயர். அதாவது இல்லாதவனுக்குக் கொடுப்பது நம் பெருந்தன்மை இல்லை, கணக்கை நேர் செய்வது. தண்டனை என்பது இந்த இரண்டு வார்த்தைகளிலும் ஒரு ஓரத்தில்தான் இருக்கிறது. நடுவில் இருப்பது தராசு, படி, கூலி, நிலம், சாட்சி. சுத்தமாக லௌகீக விஷயங்கள்.

ஆமோஸை எடுத்துக்கொள்வோம். கி.மு. எட்டாம் நூற்றாண்டு. தெற்கே தெக்கோவா என்ற ஊரில் ஆடு மேய்த்துக்கொண்டும் காட்டத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டும் இருந்தவர். வடக்கு ராஜ்யத்துக்குப் போய்ப் பேசினார். அங்கே பெத்தேல் கோயில் ஆசாரியன் அவரிடம் சொன்னதன் சாரம் இதுதான்: உன் ஊருக்கே திரும்பிப் போ, அங்கே பிழைத்துக்கொள், இங்கே வாய் திறக்காதே. வெளியூரில் பிழைக்கும் நமக்கு இந்த வசனம் ரொம்பப் புதிதில்லை. 1966-இல் பம்பாயில் சிவசேனை தொடங்கி, அதன் பிறகான வருடங்களில் தென்னிந்தியர்களைக் குறிவைத்துக் கிளம்பிய கோபத்தை இங்குள்ள பழைய தமிழ்க் குடும்பங்கள் இன்னும் சொல்கின்றன.

அப்படி ஆமோஸ் என்னதான் சொல்லிவிட்டார்? வியாபாரிகள் ஓய்வுநாள் எப்போது முடியும், கடை எப்போது திறக்கலாம் என்று தவிக்கிறார்கள், அளக்கிற படியைச் சிறிதாக்கி, விலைக்கு நிறுக்கிற எடையைப் பெரிதாக்கி, தராசில் கள்ளம் செய்து, கோதுமையோடு பதரையும் தள்ளிவிடுகிறார்கள் என்றார். நேற்று மாலை ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் ஒன்றைப் பிரித்தேன். விலை அதே ஐந்து ரூபாய்தான். பாக்கெட்டும் கிட்டத்தட்ட அதே அளவு. உள்ளே பிஸ்கட்தான் வருடா வருடம் எண்ணிக்கையில் குறைகிறது. எடையை அச்சடித்திருக்கிறார்கள், அதனால் சட்டப்படி குற்றம் இல்லை. ஆனால் ஐந்து ரூபாய் பாக்கெட் யார் வாங்குவது? படியைச் சிறிதாக்கினால் பெரிய கிண்ணம் வைத்திருப்பவனுக்கு வலிக்காது, சின்னக் கிண்ணக்காரனுக்குத்தான் வலிக்கும். 2,700 வருடத்துக்கு முன்னால் ஒரு ஆட்டு மேய்ப்பர் கவனித்த விஷயம் இது.

அடுத்தது கூலி. இதில்தான் எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. அதற்கு முன் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம்.

அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. நடவுக்கும் களையெடுப்புக்கும் வரும் பெண்கள் அவரை டீச்சரம்மா என்பார்கள். ஊரில் விளக்கு வைத்த பிறகு காசு, உப்பு எதையும் வெளியே கொடுக்க மாட்டார்கள், லட்சுமி போய்விடும் என்று. உங்களுக்கும் தெரிந்த வழக்கம்தான். இதனால் வேலை முடிந்து கொஞ்சம் தாமதமாகக் கூலி கேட்டு வருபவர்களைப் பல வீடுகளில், "விளக்கு வச்சாச்சே, காலையில வா" என்று அனுப்பிவிடுவார்கள். அம்மா ஊரோடு சண்டைக்குப் போகவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கே என்னிடம் பையைக் கொடுத்து வரப்புக்கு அனுப்பிவிடுவார். "எய்யா, அவுகளை வாசல்ல வந்து நிக்க வைக்கக் கூடாது. விளக்கு வைக்குமுன்ன கையில குடுத்துட்டு வந்துரு." அவ்வளவுதான் அவருடைய இறையியல்.

அது அம்மாவின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. உபாகமத்தில் இருக்கிறது. ஏழைக் கூலிக்காரன் உன் ஜனமானாலும் சரி, வேற்றூரானானாலும் சரி, அன்றைய கூலியைப் பொழுது சாயும் முன் கொடுத்துவிடு, அவன் உயிரே அதன்மேல்தான் இருக்கிறது, இல்லாவிட்டால் அவன் என்னிடம் முறையிடுவான் என்கிறது. லேவியராகமமும் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது என்கிறது. புதிய ஏற்பாட்டில் யாக்கோபு இன்னும் ஒரு படி மேலே போய்விடுகிறார். நிறுத்திவைக்கப்பட்ட கூலியே வாய் திறந்து கூப்பிடுகிறதாம்!

இதையும் நம் நாட்டுச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவாக இருந்தால் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள், அதற்கு மேல் இருந்தால் 10-ஆம் தேதிக்குள் சம்பளம் கொடுக்கச் சொன்னது. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புதான் என்றது. 2019-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சம்பளச் சட்டத் தொகுப்பு, தினக்கூலி என்றால் ஷிப்ட் முடியும்போதே கொடுக்க வேண்டும் என்கிறது. சுற்றிச் சுற்றி உபாகமத்துக்கே வந்திருக்கிறோம்.

இனி என் கதை. 2013. நாங்கள் அப்போது இருந்த சொசைட்டியில் (புனேயில் அபார்ட்மெண்ட் என்று சொல்வதில்லை, எல்லாம் சொசைட்டிதான்) பதினான்கு வாட்ச்மேன்கள். ஒரு காண்டிராக்டர் மூலம் வந்தவர்கள். இரவு ஷிப்டில் இருந்த ஒடிசாக்காரர் ஒருவர் ஒருநாள் தயங்கித் தயங்கி இருநூறு ரூபாய் கைமாற்றுக் கேட்டார். அதுவரை எதுவும் கேட்டதில்லை. விசாரித்தால், இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை. பதினான்கு பேருக்கும்தான். எதிரே இருக்கும் மளிகைக் கடைக்காரர் கணக்கை நிறுத்திவிட்டார். நாங்களோ மாதா மாதம் மெயின்டெனன்ஸ் கட்டுகிறோம், சொசைட்டியும் காண்டிராக்டருக்குச் செக் கொடுத்துவிட்டது. நடுவில் பணம் நின்றுவிட்டது.

ஜெனரல் பாடி மீட்டிங்கில் எழுப்பினேன். சொசைட்டியே நேரடியாக வாட்ச்மேன்களுக்குக் கொடுத்துவிட்டு, காண்டிராக்டர் பில்லில் கழித்துக்கொள்வோம் என்றேன். எதிர்ப்பு பலமாகத்தான் இருந்தது. அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரே சம்பளத்தை ஏன் இரண்டு தடவை கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சட்டம் தெரிந்த ஒருவர் இன்னும் தெளிவாகச் சொன்னார். 1970-ஆம் வருடத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி, காண்டிராக்டர் கொடுக்காவிட்டால் வேலை வாங்கும் முதன்மை முதலாளி கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும், உண்மைதான், ஆனால் அந்தச் சட்டம் குறைந்தது இருபது பேராவது இருந்தால்தான், நம்மிடம் இருப்பது பதினான்கு பேர், நமக்குப் பொருந்தாது என்றார்.

பதினான்கு! அன்று இரவு முழுக்க அந்த எண் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சட்டத்துக்கு ஒரு கோடு வேண்டும், எங்கேயாவது போட்டுத்தான் ஆக வேண்டும், புரிகிறது. ஆனால் உபாகமத்தில் எண் இல்லை. கூலிக்காரன் என்று ஒருமையில்தான் இருக்கிறது. ஒரே ஒரு ஆள் போதும், கேட்பதற்கு.

அடுத்த வாரம் மறுபடி கூடினோம். மூன்றாவது மாடியில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மராத்தியப் பெரியவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் காகா. ரொம்பப் பேசமாட்டார். எழுந்து இந்தியில் இரண்டே வாக்கியம் சொன்னார். "காண்டிராக்டர் நம்ம பணத்தைத் தின்னுட்டான், வாட்ச்மேன் ஒண்ணுமே தின்னலை. காத்திருக்கணும்னா இதுல யார் காத்திருக்கணும்?" ஓட்டெடுப்பு நடந்தது. 31-க்கு 19. ஒரு மாதச் சம்பளம் உடனே கொடுப்பது என்று முடிவாயிற்று. இன்னொரு மாதம் காண்டிராக்டரிடம் கேட்டு வாங்குவது.

சுபம் போட்டு முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். நடந்தது வேறு. அந்த இரண்டாவது மாதம் நான்கு மாதம் கழித்து வந்தது, அதுவும் பாதிதான். என்னிடம் கைமாற்றுக் கேட்டவர் அதற்குள் ஊருக்குப் போய்விட்டார். இருநூறு ரூபாயை இன்னொரு வாட்ச்மேனிடம் எனக்காகக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார். அவருக்கு வரவேண்டிய பாக்கி அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. காண்டிராக்டர் அந்த வருடம் விழாப் பந்தலுக்குப் பெரிய தொகை கொடுத்து மாலை வாங்கிக்கொண்டார். தீபாவளிக்கு எல்லா வீட்டுக்கும் ஸ்வீட் பாக்ஸ் வேறு. அவரைத் தெய்வம் நின்று கொன்றதா என்று கேட்காதீர்கள். நான் பார்த்தவரை நன்றாகத்தான் இருக்கிறார்.

அந்தப் பெண்ணின் கேள்வியில் முதல் பாதி இதுதானே? தப்பு செய்தவர்கள் ஏன் நன்றாக இருக்கிறார்கள்?

இதற்கு வேதாகமம் ஒரு மாதிரியான பதிலைத்தான் தருகிறது. ஆகாப் ராஜாவுக்குப் பக்கத்து நிலத்து நாபோத்தின் திராட்சைத் தோட்டம் வேண்டும். சும்மா கேட்கவில்லை, வேறு நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் கிரயம் தருகிறேன் என்கிறான். நாபோத், பாட்டன் சொத்து, தரமுடியாது என்கிறான். அப்புறம் ராணி யேசபேல் என்ன செய்கிறாள் என்று கவனிக்க வேண்டும். அடியாள் அனுப்பவில்லை. கடிதம் எழுதி, ராஜ முத்திரை போட்டு, ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, இரண்டு சாட்சிகளை உட்கார வைத்து, விசாரணை நடத்தித்தான் நாபோத்தைக் கல்லெறிந்து கொல்ல வைக்கிறாள். காகிதமெல்லாம் சரியாக இருந்தது. எலியா அங்கே வந்து நிற்பது அதனால்தான். நடைமுறை சரியாக இருந்தால் நியாயமும் நடந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

புனேயைச் சுற்றி நாம் குடியிருக்கும் கட்டடங்கள் எல்லாமே ஒரு காலத்தில் யாருடைய வயலோதான். 1894-ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட நில எடுப்புச் சட்டம்தான் 2013 வரை இந்த நாட்டில் ஓடியது. அதற்குப் பதிலாக வந்து 2014 ஜனவரி முதல் தேதியில் அமலான சட்டம், தனியார் திட்டத்துக்கு என்றால் 80 சதவீத நில உரிமையாளர்களின் சம்மதம் வேண்டும் என்றது. நாபோத்தின் 'முடியாது' என்ற சொல்லுக்கு ஒரு மதிப்பு வர இவ்வளவு காலம். வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. மகர்பட்டா சிட்டியைப் பாருங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் நானூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை ஒன்றாகச் சேர்த்து, விற்றுவிட்டுப் போகாமல், தாங்களே பங்குதாரர்களாக இருந்து கட்டிய நகரம் அது.

தீர்க்கதரிசிகள் என்னதான் செய்தார்கள்? தண்டனை எப்போது வரும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நாத்தான், தாவீது ராஜாவின் முகத்துக்கு நேரே போய் நின்றார். எலியா தோட்டத்துக்கே போனார். ஆமோஸ் கோயிலுக்குள் போய்ப் பேசினார். தெய்வம் நின்று கொல்லும் என்று நாம் சொல்லும்போது, அதுவரை நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்றும் சேர்த்துத்தான் பல நேரம் சொல்கிறோம். தெய்வம் ஆளை அனுப்பும் என்பதுதான் வேதாகமத்தில் திரும்பத் திரும்ப வருவது. அன்றைக்கு எங்கள் மீட்டிங்கில் காகாவை அனுப்பியது மாதிரி. (அவர் பைபிளைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.)

தப்பு செய்தவன் திரும்பி வந்தால்? அதற்கும் வழி இருக்கிறது, ஆனால் மலிவான வழி இல்லை. ஒரு ஆட்டைத் திருடி விற்றுவிட்டால் நான்கு ஆடாகக் கொடு என்கிறது யாத்திராகமம். வரி வசூலிக்கும் சகேயு மனம் மாறியபோது காணிக்கை போட்டுவிட்டு நகர்ந்துவிடவில்லை. அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். அந்த ஆட்டுக் கணக்கைத் தனக்குத் தானே போட்டுக்கொண்டான். இயேசுவும், காணிக்கை கொண்டு வரும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அதைச் சரி செய் என்றுதான் சொன்னார். உண்டியலானாலும் காணிக்கைப் பையானாலும் பந்தல் நன்கொடையானாலும், வாட்ச்மேனுக்குக் கொடுக்க வேண்டியதை அவற்றில் போட்டுக் கழிக்க முடியாது.

வேதாகமத்தில் எல்லாமே எனக்கு உவப்பானது என்று சொல்லமாட்டேன். அடிமைகளை வைத்துக்கொள்வதற்கும் அதில் விதிகள் இருக்கின்றன. தகப்பன் செய்த பாவம் பிள்ளைகளைத் தொடரும் என்ற பேச்சும் இருக்கிறது. ஆனால் அதற்குள்ளேயே சண்டையும் நடக்கிறது. தகப்பன் புளித்த திராட்சை தின்றால் பிள்ளைக்குப் பல் கூசும் என்று அவர்கள் ஊரில் ஒரு பழமொழி இருந்தது. எசேக்கியேல் எழுந்து, இனி அதைச் சொல்லாதீர்கள், அவனவன் செய்ததற்கு அவனவன்தான் பொறுப்பு என்று விட்டார். பழமொழி என்பதற்காகத் தலையாட்ட வேண்டியதில்லை என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் தனியாக ஒரு பாடம் இருக்கிறது. ஏன் அந்நியனை நியாயமாக நடத்த வேண்டும் என்பதற்கு மோசேயின் சட்டம் சொல்லும் காரணம் தத்துவம் எதுவும் இல்லை, ஒரு ஞாபகம்தான். எகிப்தில் நீங்களும் பரதேசிகளாக இருந்தீர்களே, அந்த மனசு உங்களுக்குத் தெரியுமே என்பதுதான் காரணம். பரதேசி என்பது நம் பேச்சில் திட்டும் வார்த்தை, பழைய தமிழ் வேதாகமத்தில் வெளியூர்க்காரன் என்று மட்டும்தான் பொருள். நாம் எல்லோருமே அந்தப் பொருளில் பரதேசிகள்தான். வீடு வாடகைக்குக் கேட்கும்போது மொழியைக் கேட்டு முகம் மாறியதைப் பார்த்தவர்கள்தான். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியபோது நமக்கு லேப்டாப் இருந்தது. மற்ற பரதேசிகள் நடந்தார்கள். அந்த மே 8-ஆம் தேதி விடியற்காலையில் அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிக்கொண்டிருந்த 16 பேர் மேல் சரக்கு ரயில் ஏறியது. ஜால்னாவில் வேலை பார்த்துவிட்டு மத்தியப் பிரதேசத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். இதே மகாராஷ்டிராவில் பிழைக்க வந்த அவர்களுக்கும் நமக்கும் ஒரு மாதச் சேமிப்புதான் வித்தியாசம் என்று அன்று தோன்றியது.

வீட்டுக்குள் வேலை செய்யும் அக்காவுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வந்து சம்பளப் பதிவேட்டைக் கேட்கப் போவதில்லை. மே மாதம் நாம் ஊருக்குப் போகும்போது அவருடைய சம்பளம் என்ன ஆகிறது? அவர் வேலைக்கு வரத் தயார்தான், கதவைப் பூட்டிக்கொண்டு போனவர்கள் நாம். எங்கள் வீட்டில் அந்த மாதத்துக்கும் சேர்த்துக் கிளம்பும் முன் கொடுத்துவிடுவது என்று என் மனைவி வைத்திருக்கிறாள். ஆபீசிலும் இதே கதைதான். சின்ன நிறுவனங்களுக்குப் பணம் 45 நாளுக்குள் போய்விட வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. அந்த பில்லில் கையெழுத்துப் போட வேண்டியவர் நம்மில் யாராவது ஒருவராகத்தான் இருக்கும். அது நம் மேசையில் தூங்குகிற ஒவ்வொரு நாளும் எங்கோ ஒரு பட்டறையில் யாரோ நாலு பேருக்குக் கூலி தள்ளிப்போகிறது. முன்பாவது சில்லறை இல்லை, பேங்க் மூடிவிட்டான் என்று சொல்லலாம். இப்போது கையில் இருக்கும் போனில் அரை நிமிட வேலை.

அந்தப் பத்தாவது படிக்கும் பெண்ணுக்கு என் பதில் இவ்வளவுதான். கடவுள் ஏன் இன்னும் தீர்ப்பு சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாதும்மா. ஆனால் அவர் நம்மிடம் விட்டுவைத்திருக்கும் சின்னச் சின்னத் தீர்ப்புகள் நிறைய இருக்கின்றன. அதில் ஒன்று இன்று மாலைக்குள் கொடுக்க வேண்டியதாக இருக்கலாம்.

உங்கள் வீட்டில், உங்கள் சொசைட்டியில் இதையெல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்? முடிந்தால் எழுதுங்கள். எங்கள் மனைக்கு இஸ்திரி போடுபவரின் போன மாதக் கணக்கு இன்னும் நோட்டில் இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன். மணி ஆறு ஆகப்போகிறது.